நீர்த்தெள்ளும் நுண்ணுலோகமும்: ஒரு பரிசோதனை முறையின் வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே எழுதுகின்றனர். பரிசோதனை முறைகளின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. ஒரு பொருள் நஞ்சா அன்றா என்பதை எவ்வாறு துணிந்தனர், அவ்வாறு துணிவதற்கு எந்த உயிரைத் தேர்ந்தெடுத்தனர், எத்தனை மணி நேரம் அதனைப் பார்த்திருந்தனர் என்பனவெல்லாம் ஆய்வுகூடத்துச் சில்லறை விவரங்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின், ஆற்றிலும் ஏரியிலும் எதனைக் கலக்கவிடலாம், எதனைக் கலக்கவிடலாகாது என்ற தீர்ப்பு இச்சில்லறை விவரங்களின் மீதே எழுப்பப்படுகின்றது. வெள்ளி, செம்பு, நாகம், தைத்தேனியம் ஆகிய உலோகங்களையோ அவற்றின் ஒட்சைட்டுகளையோ கொண்ட நனோத் துணிக்கைகள் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு இழைக்கும் தீங்கினை அளப்பதற்கு இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடைபெற்றுவரும் முயற்சிகள் இதற்குச் சிறந்த சான்றாகும். இம்முயற்சிகளை விளங்கிக்கொள்வதற்கு அவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிய இரு தனி வரலாறுகளை அறிதல் வேண்டும். ஒன்று ஒரு சிற்றுயிரின் வரலாறு. மற்றையது ஓர் உலோகத்தின் வரலாறு.

அச்சிற்றுயிர் தப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு ஆகும். நன்னீர்க் குட்டைகளிலும் ஏரிகளிலும் வாழ்வது. துள்ளித் துள்ளி நீந்துவதனால் தெள்ளு என்ற பெயரைப் பெற்றதேயன்றித் தெள்ளுப்பூச்சியோடு அதற்கு உறவு எதுவும் இல்லை. நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒல்லாந்து நாட்டவரான ஜான் சுவாமர்டாம் 1669 இல் வெளியிட்ட நூலில் கிளைத்த கைகளையுடைய நீர்த்தெள்ளு என இதனை விவரித்தார். 1785 இல் தென்மார்க்கைச் சேர்ந்த ஒத்தோ பிரெடெரிக் முல்லர் தப்னியா என்னும் பெயரை இட்டார். ஆய்வுகூடங்களில் இன்று பெரிதும் வளர்க்கப்படும் தப்னியா மக்னா என்னும் இனத்தை 1820 இல் வகுத்துரைத்தவர் ஸ்ராவுஸ் என்பவர். அது வளர்ந்த நிலையில் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளமுடையது.

இவ்வுயிரின் உடல் கண்ணாடி போன்று ஒளிபுகவிடுவது. நுணுக்குக்காட்டியின் கீழ் அதன் இதயம் துடிப்பதையும், குடலில் உணவு நகர்வதையும், முதுகுப்புறப் பையில் முட்டைகள் வளர்வதையும் உடலை அறுக்காமலே காணலாம். இலியா மெச்னிக்கோவ் 1884 இல், நீர்த்தெள்ளின் உடலுட் புகுந்த பங்கசு வித்திகளை அதன் உடற்கலங்கள் சூழ்ந்து விழுங்குவதைக் கண்டு எழுதினார். நோய் எதிர்ப்பு பற்றிய புதிய கொள்கைக்கு அது தூணாயிற்று; 1908 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மருத்துவ வரலாற்று நூல்கள் மெச்னிக்கோவைப் பாடுகின்றன. நீர்த்தெள்ளை ஓரிரு வரிகளில் விட்டுவிடுகின்றன.

பரிசோதனைக்கு இவ்வுயிர் ஏற்றதாயினமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. வாழ்க்கை நிலை நன்றாயிருக்கும்வரை பெண் தப்னியாக்கள் ஆணின்றியே குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சுகள் தாயின் பிறப்புரிமைப் பண்புகளையே அச்சொட்டாகக் கொண்டிருக்கும். நூறு விலங்குகளை நூறு சாடிகளில் இட்டுப் பார்க்கும் ஆய்வாளனுக்கு, ஒரு விலங்கு இறந்து மற்றொன்று பிழைத்தமைக்குப் பரம்பரை வேறுபாடே காரணம் என்ற ஐயம் எழ இடமில்லை. இவை யாவும் இவ்வுயிரின் நன்மைகளாகவே பாடநூல்களில் அடுக்கப்படுவன. அவற்றோடு சேர்த்து எண்ணப்படாத இன்னொரு பண்பு, பின்னாளில் இவ்வரலாற்றின் திருப்புமுனையாக அமைந்தது. நீர்த்தெள்ளு வடித்துண்ணும் உயிர். தன் கால்களை இடைவிடாது அசைத்து நீரை உள்ளிழுத்து, அந்நீரில் மிதக்கும் நுண்ணிய துணிக்கைகளைச் சல்லடையிட்டுப் பிடித்து வாய்க்கு அனுப்பும். அல்காவா களிமண்ணா என்று அது அதிகம் ஆராய்வதில்லை.

இனி உலோகத்தின் பக்கம் நோக்குவோம். மிகச் சிறிய அளவு உலோகம் உயிரைக் கொல்லும் என்ற செய்தியை முறையாக ஆராய்ந்தவர் மியூனிக் நகரத்துத் தாவரவியலாளர் கார்ல் நெகேலி. செப்பு நாணயங்கள் கிடந்த நீரில் ஸ்பைரோகைரா என்னும் அல்கா மாண்டுபோவதை அவர் கண்டார். அந்நீரிற் கரைந்திருந்த செம்போ வெகு சொற்பம். நெகேலி 1891 இல் மறைந்தார். அவரது கட்டுரை 1893 இலேயே அச்சேறியது. அது முன்வைத்த கேள்வி, எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதாகும். நஞ்சியலாளர் அடுத்த நூறு ஆண்டுகளாக இக்கேள்வியையே வெவ்வேறு விதமாகக் கேட்டு வந்தனர் எனலாம்.

சுவீடனின் லுண்ட் நகரில் ஏரியியல் ஆய்வு நடத்திய ஐனர் நவுமான், நீரின் வாழ்தகு நிலையை அறிவதற்குத் தப்னியா மக்னாவைப் பரிசோதனை விலங்காகக் கொள்ளலாம் என 1930களின் முற்பகுதியில் தொடர் கட்டுரைகளில் விளக்கினார். ஐக்கிய அமெரிக்காவின் பேர்ட்டில் அண்டர்சன் இதனைத் தொழிற்சாலைக் கழிவுகளுக்குப் பொருத்தினார். உலகப் போரினால் ஆலைகள் பெருகியிருந்த 1944 இல், கழிவுகளிற் காணப்படும் பல்வேறு பொருள்களுக்கு நீர்த்தெள்ளு தாங்கும் எல்லைகளை அவர் வெளியிட்டார்; 1948 இல் ஈரீ ஏரியின் நீரில் உலோகக் குளோரைட்டுகளைக் கரைத்து அவற்றின் எல்லைகளையும் குறித்தார். மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரின் ஆய்வுகூடத்தில் பீசிங்கர், கிறித்தென்சன் ஆகிய இருவரும் 1972 இல் ஒரு படி மேலே சென்றனர். மூன்று வாரங்கள் விலங்குகளை உலோகக் கரைசல்களில் வைத்து, அவை இறந்தனவா என்பதோடு அமையாது, எத்தனை குஞ்சு ஈன்றன என்பதையும் எண்ணினர். கொல்லாத அளவும் குலத்தைக் குறைக்கும் என்பது இதனாற் புலனாயிற்று.

இவ்வாறு பல கைகளில் வளர்ந்த முறை 1984 இல் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனத்தின் வழிகாட்டியாக உருப்பெற்றது. அதன் 202 ஆம் இலக்க வழிகாட்டி 2004 இல் திருத்தப்பட்ட வடிவிற் கூறுவது இது: பிறந்து 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை எடுக்க வேண்டும், ஒவ்வொரு செறிவிலும் 20 விலங்குகளேனும் இருத்தல் வேண்டும், 48 மணி நேரம் கழிந்தபின், பாத்திரத்தை மெல்ல அசைத்து 15 செக்கன் வரை நீந்தாதவற்றை அசைவற்றவை எனக் கணக்கிட வேண்டும். பாதி விலங்குகள் அசைவிழக்கும் செறிவே அப்பொருளின் நச்சுத்தன்மைக்கு அளவாகும். எளிமையும் மலிவும் உடைய முறை. இலண்டனிற் செய்தாலும் டோக்கியோவிற் செய்தாலும் ஒரே விடை வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியது என்றே கூறவேண்டும்.

எனினும் அம்முறையின் அடியில், யாரும் எடுத்துச் சொல்லாத ஓர் எடுகோள் இருந்தது. சோதிக்கப்படும் பொருள் நீரிற் கரையும். கரைந்தபின் நீர் முழுவதும் ஒரே சீராகப் பரந்திருக்கும். ஆகவே இலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதிவிட்டால் விலங்கு பெற்ற அளவு அதில் அடங்கிவிடும் என்பதே அது. உப்புக்கும் அமிலத்துக்கும் பொருந்திய இவ்வெடுகோள் துணிக்கைக்குப் பொருந்துமா என்ற கேள்வி அன்று எழவில்லை. எழுவதற்குரிய தேவையும் இருக்கவில்லை.

துணிக்கை வடிவிலான உலோகம் அக்காலத்தில் இல்லாததன்று. மைக்கேல் பரடே 1857 இல் அரச கழகத்தில் ஆற்றிய விரிவுரையில், பொன்னை மாணிக்க நிறமான திரவமாக்கிக் காட்டி, அது கரைசலன்று, கண்ணுக்குப் புலப்படாத பொற்றுணிக்கைகளின் கூட்டமே என வாதித்தார். அவர் செய்த திரவங்களுட் சில இலண்டனில் உள்ள அரச நிறுவகத்தில் இன்றும் சிவப்பு மாறாமல் இருக்கின்றன. பிலதெல்பியாவைச் சேர்ந்த கேரி லீ 1889 இல் சித்திரேற்றைப் பயன்படுத்தி வெள்ளிக் கூழைத் தயாரித்தார். 1897 முதல் கொலாகோல் என்ற வணிகப் பெயரில் வெள்ளிக் கூழ் மருந்தாக விற்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1954 இல் நீச்சற் குளங்களின் அல்காவை ஒழிப்பதற்கு வெள்ளிப் பொருள் ஒன்று பதிவு செய்யப்பட்டது. இவை எவற்றையும் அன்று எவரும் ‘நனோ’ என்று அழைக்கவில்லை. ஜப்பானியரான நோரியோ தனிகுச்சி நனோத் தொழினுட்பம் என்ற சொல்லை வழங்கியது 1974 இலேயே.

வெள்ளி நீர்நிலையிற் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கும் நனோ யுகத்துக்கு முந்திய சான்று உண்டு; அது பெரிதும் மறக்கப்பட்டமை வருந்தத்தக்கது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கரையில் பாலோ அல்ரோ நகரம் உள்ளது. புகைப்படச் சுருள்களைக் கழுவும் தொழிலகங்களின் வெள்ளி, நகரத்துக் கழிவுநீரோடு கலந்து அங்குள்ள சேற்று நிலத்தை அடைந்தது. அச்சேற்றில் மக்கோமா என்னும் சிறு மட்டி வாழ்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்கள ஆய்வாளர்கள் 1970களில் தொடங்கி ஆண்டுதோறும் இம்மட்டிகளை எடுத்து அவற்றின் தசையிலுள்ள உலோகங்களை அளந்து வந்தனர். 1970களில் அவற்றில் வெள்ளியும் செம்பும் மிக உயர்ந்த அளவிற் காணப்பட்டன. அம்மட்டிகள் உயிரோடுதான் இருந்தன. ஆயின் இனப்பெருக்க முதிர்ச்சி அடைந்தவை அவற்றுள் அரிதாயின. கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் வெள்ளியை மூலத்திலேயே மீட்கும் ஏற்பாடுகளும் சீர்பட, 1980களின் பிற்பகுதி முதல் மட்டிகளின் உடலில் வெள்ளி குறைந்தது. அதன்பின் அவை மீண்டும் முதிர்ந்து இனம் பெருக்கத் தொடங்கின. 48 மணி நேரச் சாடிச் சோதனை ஒன்றினால் இவ்வுண்மை ஒருபோதும் வெளிப்பட்டிருக்காது. வருடக்கணக்கிற் பொறுமையோடு ஒரே சேற்றை மீண்டும் மீண்டும் தோண்டியமையாலேயே அது வெளிப்பட்டது. இவ்வாய்வில் நெடுங்காலம் ஈடுபட்ட சாமுவேல் லுவோமா, வெள்ளி நனோப் பொருள்கள் பழைய பிரச்சினையா புதிய சவாலா என்ற கேள்வியைத் தலைப்பாக்கி 2008 இல் ஓர் அறிக்கை எழுதியது பொருத்தமே.

2000 ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய அமெரிக்க சனாதிபதி கிளின்ரன் தேசிய நனோத் தொழினுட்ப முயற்சியை அறிவித்தார். பெருந்தொகைப் பணம் ஒதுக்கப்பட்டது. தீங்கு பற்றிய ஆய்வு சில ஆண்டுகள் பிந்தியே தொடர்ந்தது. 2004 சூலையில் பிரித்தானிய அரச கழகமும் பொறியியற் கழகமும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, தனித்த நனோத் துணிக்கைகள் சூழலிற் சேர்வதை இயன்றவரை தவிர்க்குமாறு ஆலோசனை கூறியது. அதே ஆண்டில் ஈவா ஒபெர்டோர்ஸ்ரர் புளரீன் என்னும் காபன் துணிக்கைகள் இளம் மீன்களின் மூளையில் கொழுப்புகளை ஒட்சியேற்றுவதாக எழுதினார். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. பின்னர் 2007 இல் வேறு ஆய்வாளர், அத்துணிக்கைகளை நீரிற் பரப்பப் பயன்படுத்திய தெத்திரா ஐதரோபியூரன் என்னும் கரைப்பானின் சிதைவுப் பொருள்களே மீன் குஞ்சுகளுக்கு ஊறு விளைத்திருக்கக்கூடும் எனக் காட்டினர். துணிக்கையைக் குற்றவாளியாக நிறுத்திய வழக்கில், அதனை அழைத்து வந்த காவலன் மீதே ஐயம் விழுந்தது.

நீர்த்தெள்ளை இவ்வழக்கினுட் கொண்டு வந்தவர்கள் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் மில்வோக்கி வளாகத்தைச் சேர்ந்த லவேர்ண், கிளாப்பர் என்னும் இருவர் ஆவர். 2006 இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் புளரீனையும் சோதித்தது. ஒரே தைத்தேனியம் ஈரொட்சைட்டை ஒலியலையாற் கலக்கிப் பெரிய திரள்களாக விட்டபோது தெள்ளுகள் பெரும்பாலும் பிழைத்தன. கரைப்பானில் இட்டு வடித்துச் சிறு துணிக்கைகளாக்கிக் கொடுத்தபோது பெருமளவில் மடிந்தன. இரசாயனப் பெயர் ஒன்றே, விடை இரண்டு. தயாரிப்பு முறையே விடையைத் தீர்மானிக்குமெனின் நியம முறை என்று ஒன்று இருப்பதன் பொருள் யாது? அதன் பின்வந்த ஆய்வுகள் பலவும் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ இவ்வினாவோடு மல்லாடின.

சந்தையோ ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை. துர்நாற்றம் நீக்கும் எனக் கூறி வெள்ளி சேர்த்த காலுறைகள் விற்கப்பட்டன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென், வெஸ்ரர்ஹொஃப் ஆகியோர் 2008 இல் அவ்வகைக் காலுறைகளை நீரிற் கழுவிப் பார்த்தனர். சிலவற்றிலிருந்து ஒரு சில கழுவல்களிலேயே வெள்ளி ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிட்டது. வேறு சிலவற்றில் நிலைத்திருந்தது. துணி துவைக்கும் பொறி ஒன்று வெள்ளியை நீரில் வெளியிடுவதாக விளம்பரப்படுத்தப்பட்டபோது ஐக்கிய அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவரகம் 2006 நவம்பரில் தலையிட்டது. அவ்வகைப் பொறியைப் பீடைநாசினிச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டும் என்றது. ஆயினும் 2007 இல் விடுத்த விளக்கத்தில், பொறி வெளியிடுவது வெள்ளி அயன்களே, ஆகவே இது நனோத் தொழினுட்பம் பற்றிய தீர்மானம் அன்று என்று ஒதுங்கிக் கொண்டது. விளம்பரத்தில் நனோ, சட்டத்தில் அயன். தொழிலதிபர்கள் இரு வேறு மன்றங்களில் இரு வேறு மொழி பேசியதும் இக்காலத்தின் இயல்பு. காப்புரிமை பெறும்போது தம் பொருள் முற்றிலும் புதியது என்றனர். கட்டுப்பாடு பற்றிய பேச்சு எழுந்தபோது நூறு ஆண்டுகளாக வழக்கில் உள்ள பழம்பொருள் என்றனர். 2011 இல் நோவாக், குரூக், ஹைற் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை கேரி லீயிலிருந்து தொடங்கி 120 ஆண்டு வரலாற்றை எடுத்துரைத்து, வெள்ளித் துணிக்கை புதியதன்று என நிறுவியது. அவர் காட்டிய வரலாறு சரியே. எனினும் பழையது என்பதனாலேயே ஒரு பொருள் ஊறற்றதாகிவிடாது என்பதற்குப் பாலோ அல்ரோவின் மட்டிகள் சாட்சி.

2008 ஆம் ஆண்டினை இத்துறையின் அறுவடைக் காலம் எனலாம். புளோரிடாவில் கிறிபிற்றும் அவர் குழுவினரும் வெள்ளி, செம்பு, அலுமினியம், நிக்கல், கோபாற்று, தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஆகியவற்றின் துணிக்கைகளை மீன், நீர்த்தெள்ளு, அல்கா ஆகியவற்றின் மீது ஒப்பிட்டனர். வெள்ளியும் செம்பும் யாவற்றுக்கும் நஞ்சாயின. தைத்தேனியம் ஈரொட்சைட்டு எதற்கும் ஆகவில்லை. மீனிலும் பார்க்க வடித்துண்ணும் தெள்ளே மிகுதியும் பாதிக்கப்பட்டது. எஸ்தோனியாவின் தலின் நகரில் ஹைன்லான், கஹ்ரு முதலியோர் நாகவொட்சைட்டையும் செப்பொட்சைட்டையும் தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் நனோ வடிவிலும் சாதாரணத் தூள் வடிவிலும் சோதித்தனர். அவர் கையாண்ட உபாயம் வியக்கத்தக்கது: கரைந்த நாகத்தையோ செம்பையோ உணர்ந்தால் ஒளிரும் வண்ணம் மாற்றியமைக்கப்பட்ட பற்றீரியாக்களைக் கொண்டு நீரில் எவ்வளவு உலோகம் கரைந்துள்ளது என அளந்தனர். நாகவொட்சைட்டின் நச்சு முழுவதும் கரைந்த நாகத்தின் செயலே எனத் தெரிந்தது. செப்பொட்சைட்டில் நனோ வடிவம் தூளைவிட மிகக் கொடியதாயிற்று. தைத்தேனியம் ஈரொட்சைட்டு, இலீற்றருக்கு 20 கிராம் என்னும் கூழ் போன்ற செறிவிலும் கொல்லவில்லை.

வெள்ளியைப் பொறுத்தவரை, கொல்வது துணிக்கையா அதிலிருந்து கரையும் அயனா என்பது எளிதில் தீராத வழக்கு. இலீற்றருக்கு ஓரிரு மைக்கிரோகிராம் வெள்ளி அயனே நீர்த்தெள்ளை வீழ்த்தப் போதுமானது; ஆகவே துணிக்கையிலிருந்து நூற்றில் ஒரு பங்கு கரைந்தாலும் அதன் விளைவு பெரிது. சுவிற்சர்லாந்தில் நவாரோவும் குழுவினரும் 2008 இல் ஓர் அல்காவிடம் இதனைச் சோதித்தனர். வெள்ளி அயனை இறுகப் பற்றிக்கொள்ளும் சிசுத்தீன் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்தவுடன் துணிக்கையின் நச்சும் அடங்கியது. அயனே கொலையாளி என்பதற்கு இது வலுவான சான்று. ஆயின் நீரில் அளந்த அயனின் அளவை மட்டும் கொண்டு கணித்தபோது, அவதானித்த நச்சு அதற்கு மேற்பட்டதாயிருந்தது. துணிக்கை அல்காவின் அருகிலிருந்து தொடர்ந்து அயனை ஊற்றிக்கொண்டிருக்கும் ஓர் ஊற்றாகச் செயற்படுகின்றது என ஆய்வாளர் விளக்கினர்.

தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு விடுதலைத் தீர்ப்பு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்ட நிலையில், 2011 இல் ஜேர்மனியின் லண்டாவ் நகரத்திலிருந்து டப்ரூன்ஸ் முதலியோரின் கட்டுரை வெளிவந்தது. அவர் செய்த மாற்றம் மிக எளியது. 48 மணியில் நிறுத்தாமல் 96 மணி வரை பார்த்திருந்தனர். 48 மணியில் நலமாக இருந்த தெள்ளுகள் அதன்பின் விரைந்து மடிந்தன. நுணுக்குக்காட்டியில் அவற்றின் ஓட்டின்மேல் துணிக்கைகள் படலமாகப் படிந்திருந்தன. இளம் தெள்ளு வளர்வதற்குத் தன் ஓட்டை அடிக்கடி கழற்ற வேண்டும். முதல் தடவை அவற்றுட் பெரும்பாலானவை கழற்றின. அடுத்த தடவை பலவற்றால் இயலவில்லை. பொருள் நஞ்சாகி உட்புகுந்து கொல்லவில்லை. சுமையாகி வெளியே பற்றிக்கொண்டு கொன்றது. நியம முறையின் மணிக்கூடு, கொலை நடைபெறுவதற்குச் சற்று முன்னரே நின்றுவிட்டது! 48 மணி என்பது கரையும் பொருள்களுக்கும் வேலை வாரத்துக்கும் வசதியான ஓர் எல்லையே. தெள்ளின் வாழ்க்கையில் அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

அளவு என்பது யாது என்ற கேள்வியும் இவ்வாய்வுகளோடு வளர்ந்தது. 100 நனோமீற்றர் விட்டமுடைய உருண்டைகளை 10 நனோமீற்றர் உருண்டைகளாக்கினால், அதே நிறைக்குத் துணிக்கைகளின் எண்ணிக்கை 1,000 மடங்காகின்றது. மேற்பரப்போ 10 மடங்காகின்றது. இலீற்றருக்கு 1 மில்லிகிராம் என்ற பழைய அளவு இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. மேலும், துணிக்கைகள் சாடியின் அடியிற் படிகின்றன; ஒன்றோடொன்று திரள்கின்றன; தெள்ளின் குடலிற் குவிகின்றன. காலையில் இட்ட செறிவு மாலையில் இருப்பதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனம் 2006 இல் நனோப் பொருள்களுக்கென ஒரு செயற்குழுவை அமைத்தது; துணிக்கைகள் நீரில் எவ்வளவு நேரம் பரந்து நிற்கும் என்பதை அளக்கும் வழிகாட்டி 2017 இலும், நீர்வாழ் உயிர்களில் நனோப் பொருள்களைச் சோதிப்பதற்கான விரிவான அறிவுறுத்தல் 2020 இலுமே வெளிவந்தன. காலுறைகள் சந்தைக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தன.

சாடிக்கு வெளியே நிலைமை மேலும் சிக்கலானது. கழிவுநீரிற் சேரும் வெள்ளி கந்தகத்தோடு கூடி வெள்ளிச் சல்பைட்டாகின்றது. அது எளிதிற் கரையாதது, ஆகவே நச்சுக் குறைந்தது. ஆய்வுகூடத்துப் புதுத் துணிக்கையைச் சந்திக்கும் தெள்ளும், ஆற்றில் உருமாறிய துணிக்கையைச் சந்திக்கும் தெள்ளும் ஒரே பொருளைச் சந்திக்கவில்லை. இவ்வேறுபாட்டை அறிவதற்குச் சாடியை விட்டு ஏரிக்கே செல்வது என முடிவு செய்தனர் கனடிய ஆய்வாளர். ஒன்ராறியோ மாநிலத்தின் வடமேற்கில், ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட பரிசோதனை ஏரிகள் பிரதேசத்தில் 222 ஆம் இலக்க ஏரி உள்ளது. 2014, 2015 ஆம் ஆண்டுகளின் கோடையில் அவ்வேரியில் வெள்ளி நனோத் துணிக்கைகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தனர். ஏரியின் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கவில்லை. மஞ்சட் பேர்ச் மீன்கள் உண்ணும் இரையின் அளவு குறைந்தது. அவற்றின் தொகையும் குறைந்தது. அவற்றை இரையாகக் கொள்ளும் பைக் மீன்களின் ஈரலில் வெள்ளி சேர்ந்திருந்தது.